அக்கா கன்னத்தில் நான் பூசிய கறுப்பு

போன கோடையில் நீங்கள் இரண்டு பேரும் முட்டை ஓட்டை நொறுங்காமல் கழுவிக் காயவைத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் கொடுத்தீர்கள். எதற்கு நைனா என்று கேட்டபோதெல்லாம் "அந்தத் தாத்தாவுக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். உட்கார்ந்து சொல்ல அப்போது நேரமும் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை. தெம்பு இப்போதும் பெரிதாக இல்லை. ஆனால் வலது தோளுக்குப் பதினைந்து நாள் வேலை கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மேசையில் கையை ஊன்றி எழுதலாமாம். உங்களுக்கு இஸ்கூலில் தமிழ் இல்லை, அம்மா சொல்லிக்கொடுத்ததுதான். அதனால் நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி மெதுவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைப் பற்றி. நான் கார் பெயிண்டர் என்று உங்களுக்குத் தெரியும். பெயிண்டர் என்றால் நாள் முழுக்கப் பெயிண்ட் அடிப்பவன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அடிக்கிற நேரம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் தேய்ப்பு. ஒடுங்கின இடத்தில் பட்டி போட்டு, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். பிரைமர் அடித்து மறுபடி தேய்க்க வேண்டும். மேல் பெயிண்ட் அடித்து அதற்குப் பிறகும் தேய்க்க வேண்டும். மேடு பள்ளம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை வைத்து ஓட்டிப் பார்ப்போம். சித்தூரில் பதினேழு வயதில் ஷெட்டுக்குப் போன நாளிலிருந்து இதுதான்.

இந்த வேலையில் ஒரு குற்றம் உண்டு. அளவு தெரியாமல் தேய்த்தால் மேல் பெயிண்ட் கரைந்து அடியில் இருக்கும் பிரைமர் தெரிந்துவிடும். 'கட் ஆயிடுச்சு' என்போம். வண்டிக்காரன் பார்ப்பதற்குள் அதன் மேல் ஒரு டச்சப் போட்டு மூடிவிட வேண்டும். சித்தூரில் இதற்காக இரண்டு முறை அறை வாங்கியிருக்கிறேன். அதற்கப்புறம் அடிப் பெயிண்ட் வெளியே தெரிந்தாலே எனக்கு உடம்பு கூசும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேணிகுண்டா ரோட்டில் இருக்கும் நம் ஷெட்டுக்கு ஒரு நாள் ஒரு கார் வந்தது. ஆட்டோ உரசிக் கதவில் நீளமாகக் கோடு. ஓட்டி வந்த அம்மா ரேணிகுண்டா பக்கம் செல்போன் பார்ட்ஸ் கம்பெனியில் இன்ஜினியர். கூட அவருடைய அப்பா, எண்பது வயசுக்கு மேல். பார்த்ததும் எல்லோரும் சைனா என்றார்கள். "சைனா இல்லை, வியட்நாம்" என்று அந்த அம்மா சொன்னார். நானும் சைனா என்றுதான் நினைத்திருந்தேன்.

பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து நான் கதவைத் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்து வந்து உள்ளங்கையைக் கதவில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஷெட்டுக்கு வெளியே இருந்து வந்த ஆள் ஒருவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பிறகு தன் கையை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். அது நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா இங்கிலீஷில் பேசுவார். எனக்குப் புரிந்த அளவுக்குத் தமிழில் எழுதுகிறேன். "அப்பா படம் வரைபவர். ஒரு படம் பாதியில் நிற்கிறது. மிச்சம் எல்லாம் தேய்ப்பு வேலை. அவர் கையால் இனி முடியாது. உங்கள் கை வேண்டும் என்கிறார்."

எங்கள் ஓனர் சிரித்தார். "பொத்துன்னே வெள்ளி ரா ரா. தொம்மிதிக்கி ஷெட்லோ உண்டாலி, அந்தே" என்றார். காலையில் போய்விட்டு வா, ஒன்பது மணிக்கு ஷெட்டில் இருக்கணும், அவ்வளவுதான் என்று அர்த்தம்.

அதிலிருந்துதான் நான் ஐந்து மணிக்கு எழுந்து போக ஆரம்பித்தது.

திருப்பதியில் ஒரு மாடி வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். பால்கனியில் படம் படுக்க வைத்திருந்தது. துணியில்லை, காகிதமில்லை, மூன்றடிப் பலகை. அவர் ஊரில் ஒரு மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறார்கள். அந்தப் பாலில் கலர் கலந்து பலகையில் பூசி, காய்ந்ததும் தேய்த்து, அதன் மேல் இன்னொரு கலர். அடியில் வெள்ளித் தகடு, அதன் மேல் சிவப்பு, அதன் மேல் கறுப்பு. உடுப்பு வெள்ளையாக வர வேண்டிய இடத்தில் முட்டை ஓட்டைத் துண்டு துண்டாக அழுத்திப் பதித்திருந்தார். நான் கொண்டுபோன நம் வீட்டு ஓடும் அதில் இருக்கிறது. கீழே இருக்கும் வீட்டுக்காரர் சுத்த சைவம். ஒரு நாள் படியேறி வந்து மோப்பம் பிடித்து, "ஏமண்டி, கோடிகுட்டா?" என்று கேட்டார். முட்டையா என்றுதான் கேட்டார். "காதண்டி, ஆர்ட் மெட்டீரியல்" என்று மறுத்தேன். பெரியவர் ஒன்றும் புரியாமல் அவருக்குக் கும்பிடு போட்டார். வீட்டுக்காரரும் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அந்தப் பாலுக்கு ஒரு குணம். வெயிலில் காயாது. காற்றில் ஈரம் இருந்தால்தான் இறுகும். அதற்கென்று ஒரு மரப்பெட்டி செய்து உள்ளே நனைந்த கோணியைத் தொங்கவிட்டுப் பலகையை அதில் வைப்பார்கள். இன்னொரு குணம், தோலில் பட்டால் அரிப்பு. முழங்கை வரைக்கும் எனக்குத் தடித்துப்போனது. உங்கள் அம்மா தேங்காய் எண்ணெய் தடவியது ஞாபகம் இருக்கும்.

படத்தில் இருப்பது அவருடைய அக்கா. அப்பா அம்மா போன பிறகு இவரைத் தூக்கி வளர்த்தது அந்த அக்காதானாம். ஆற்றங்கரையில் அரிசி விற்றுப் படிக்க வைத்திருக்கிறார். இவர் வரைய ஆசைப்பட்டதும் பெயிண்ட் வாங்கிக் கொடுத்து, பிறகு பாரிசு வரைக்கும் அனுப்பியிருக்கிறார். அக்காவுக்கு இப்போது தொண்ணூறு. ஒரு கண் போய்விட்டது, இன்னொரு கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. அது முழுக்கப் போவதற்குள் இந்தப் படத்தை அவர் மடியில் வைக்க வேண்டும். மகளுக்கு இங்கே வேலை முடிந்து ஊர் திரும்ப டிக்கெட் போட்டாகிவிட்டது. பெரியவர் மனசில் இருந்தது இது ஒன்றுதான்.

எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. முகத்தில் மட்டும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல், போட்டோ மாதிரி. பின்னால் இருக்கும் ஆற்றுக்கு வெளிச்சமும் இல்லை, தூரமும் இல்லை. கறுப்பில் ஒரு தங்கக் கோடு, அதுதான் ஆறு.

"மேடம், மூஞ்சிக்கு வெளிச்சம் எங்கேர்ந்து வருது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அந்த அம்மா அப்பாவிடம் கேட்டுச் சொன்னார். "பாரிசிலிருந்து வருது என்கிறார். அங்கே ஆயில் பெயிண்டில் அக்காவை வரைந்தாராம், முகம் வந்தது, ஆறு வரவில்லை. ஊருக்கு வந்து பட்டுத்துணியில் வரைந்தாராம், ஆறு வந்தது, முகம் வரவில்லை. நாற்பது வருஷமாக இரண்டையும் ஒரே பலகையில் வரவைக்கப் பார்க்கிறார்."

நாற்பது வருஷம் ஒரே முகத்தை! இந்த ஆளுக்கு அலுக்கவே அலுக்காதா என்று நினைத்துக்கொண்டு தேய்த்தேன். எனக்குத் தோள் விட்டுப்போயிருந்தது.

ஒரு சனிக்கிழமை கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு கரைந்து அடியிலிருந்து சிவப்பு எழும்பியது. பெரியவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஸ்டாப்" என்றார். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். கதவுக்குப் பின்னால் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

நான் குனிந்து பார்த்தேன். கன்னத்தில் சிவப்பு திட்டுத் திட்டாக, ஒரே சீராக இல்லாமல் இருந்தது. கட் ஆயிடுச்சு, நம்மைத் திட்ட மனசு வராமல் எழுந்து போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருஷம் கை பழகின ஆளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

மறுநாள் ஞாயிறு. வெயில் ஏறுவதற்கு முன்னால் மகள் அவரைச் சந்திரகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. சாவியை என்னிடம் கொடுத்து, பலகையின் ஓரங்களை மட்டும் தேய்த்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஓரத்தைத் தேய்த்தேன். ஆனால் கண் கன்னத்துக்கே போனது. கறுப்பு டின் பக்கத்திலேயே இருந்தது. தட்டை பிரஷ்ஷை எடுத்து, மூன்று விரல் அகலத்துக்குக் கன்னத்தின் மேல் கறுப்பைப் பூசினேன். நன்றாகத்தான் பூசினேன், ஒரு கோடு தெரியவில்லை. கோணியை நனைத்துப் பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

உங்கள் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏங்க, ஞாயித்துக்கெழமையும் அங்கியேவா? புள்ளைங்கள இட்டுக்கினு ஊருக்குப் போலாம்னீங்களே."

"போலாம் இரு. நேத்து ஒரு எடத்துல கட் ஆயிடுச்சு. டச்சப் போட்டுட்டு வந்துட்டேன், தெரியவே தெரியாது."

"அவுரு கிட்ட கேட்டுக்கினீங்களா?"

"கேக்கறதுக்கு இன்னா கீது? அவுரே எத்தினி நாளு பாடுபட்டுக்கினு கீறாரு, நம்மால கெட்டுப்போவக் கூடாது இல்ல?"

"கேட்டிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

திங்கள் காலையில் பெரியவர் பெட்டியைத் திறந்தார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். மகளைக் கூப்பிட்டு என்னவோ கேட்டார்.

"இதை நீங்களா செய்தீர்கள் என்று கேட்கிறார்."

"ஆமா மேடம். செவப்பு தெரிஞ்சுது. அதான் மூடிட்டேன்."

"ஏன்?"

"பிரைமர் தெரியக் கூடாது இல்ல மேடம்."

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அது பிரைமர் இல்லை. அந்தச் சிவப்பு வெளியே வருவதற்காகத்தான் பன்னிரண்டு முறை பூசினார். அதுதான் படம். சனிக்கிழமை அது வந்துவிட்டது என்று அழுதார். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அக்காவுக்கு உயிர் வந்தது என்றார். உங்களுக்கு யார் மூடச் சொன்னது?"

நான் பழந்துணியைக் கையில் எடுத்தேன். "தொடச்சிடலாமா மேடம்? மண்ணெண்ணெ போட்டா வந்துரும்."

"நேற்றே சொல்லியிருந்தால் துடைத்திருக்கலாம். ராத்திரியில் மேல்பக்கம் இறுகிவிட்டது."

அவர்கள் சந்திரகிரியிலிருந்து திரும்பி வந்தது மத்தியானம். நான் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நல்ல வேலை செய்துவிட்டோம் என்ற நினைப்பில் நான் சாப்பிட்டுவிட்டு உங்களோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் திட்டவில்லை. விரலை மடக்கி எண்ணினார். விமானத்துக்கு இன்னும் பத்து நாள். அந்தக் கறுப்பு உள்வரைக்கும் இறுக ஏழு நாளாவது வேண்டும். அதற்கு முன்னால் தேய்த்தால் பிசுபிசுவென்று பேப்பரில் ஒட்டிக்கொண்டு அடிக் கலரையும் பிய்த்துக்கொண்டு வரும். காத்திருப்பதைத் தவிர வழி இல்லை.

அந்த ஏழு நாளைப் போல நான் எப்போதும் அலைந்ததில்லை. அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. கோணியை நனைத்து மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் முறுக்கு மாதிரி காய்ந்துவிடும். மகள் வேலைக்குப் போய்விடுவார். நனைந்த கோணியைத் தூக்கப் பெரியவரால் முடியாது. காலையில் ஒரு தடவை, மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, சாயங்காலம் ஷெட் விட்டதும் ஒரு தடவை, ரேணிகுண்டா ரோட்டுக்கும் திருப்பதிக்கும் வண்டியை ஓட்டினேன். ஓனர் சும்மா விடுவாரா? "ஏம்ரா, ஆர்டிஸ்ட் அயிபோயாவா? மா டோருக்கு கூட ஒக்க பொம்ம வெய்யி" என்றார். ஆர்டிஸ்ட் ஆகிவிட்டாயா, நம் கார் கதவிலும் ஒரு படம் போடு என்று கிண்டல். வாட்டர் பேப்பரை எடுத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனேன்.

மத்தியானத்தில் நானும் பெரியவரும் மட்டும்தான். பேச ஒரு பாஷை கிடையாது. அவர் தன் போனில் பேசுவார், அது நியூஸ் வாசிக்கிற மாதிரி தமிழில் சொல்லும். ஒரு நாள் அது, "தங்களது கரங்கள் துயரத்தில் உள்ளனவா?" என்று கேட்டது. அவர் என் கையில் இருந்த தடிப்பைக் காட்டினார். நான் போனில், "பரவால்ல சார், அரிப்பு கொஞ்சம் கொறஞ்சி கீது" என்றேன். அது என்ன சொன்னதோ, அவர் கவலையாகத் தலையை ஆட்டிவிட்டுக் காபியில் டின் பாலை ஊற்றிக் கொடுத்தார். அவ்வளவு தித்திப்பான காபியை நான் குடித்ததில்லை. அதைக் குடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எட்டாம் நாள் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தேன். தடம் விழவில்லை. பெரியவர் டேபிள் விளக்கைச் சாய்த்து வைத்தார். ரொம்ப மெல்லிய பேப்பரை நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சனிக்கிழமை தேய்த்ததில் சிவப்பு ஏற்கெனவே மெலிந்திருந்தது. நான் பூசின கறுப்பு அதன் பொடிப் பள்ளங்களில் இறங்கி உட்கார்ந்திருந்தது. கறுப்பை எடுக்க வேண்டுமென்றால் சிவப்பையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். கையை எடுத்துவிட்டேன்.

"மேடம், சார் கிட்ட சொல்லுங்க. இப்டியே வுட்டா கன்னம் அழுக்கா நிக்கும். கறுப்பு வேணாம்னா செவப்பும் கூடவே பூடும். அடியில இருக்கற வெள்ளிதான் வரும். பழைய மாதிரி வராது."

அந்த அம்மா அப்பாவிடம் சொன்னார். பெரியவர் பலகையை உள்ளங்கையால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே தெருவில் பால்காரர் வந்து போனார். கடைசியில் கையால் தேய்க்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தேய்த்தேன். இந்த முறை "ஸ்டாப்" சொல்ல ஆள் இல்லை. சிவப்பு கரைந்து, ஓரத்தில் நூல் மாதிரி மட்டும் நின்றது. நடுவில் வெள்ளி மங்கலாக எழும்பியது, இரண்டு விரல் அகலம். சீராக இல்லை. இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் சீராகிவிடும் என்று கை சொன்னது. இருபத்தைந்து வருஷமாக அந்தக் கை சொன்னதைத்தான் கேட்டிருக்கிறேன். பேப்பரைத் தண்ணீரில் போட்டுவிட்டேன்.

"சார்" என்று கூப்பிட்டேன்.

அவர் விளக்கில் வைத்துப் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார். சின்னதாக ஒரு வார்த்தை சொன்னார்.

"இன்னா சொன்னாரு மேடம்?"

"போதும் என்கிறார்."

"நல்லா கீதுன்றாரா?"

"போதும் என்கிறார்" என்றார் மறுபடியும்.

கடைசி இரண்டு காலையும் கரித்தூளைத் தொட்டுக்கொண்டு வெறும் உள்ளங்கையால் பலகையைப் பளபளப்பாக்கினேன். புறப்படுகிற அன்று கம்பளியில் சுற்றி ரேணிகுண்டா ஏர்போர்ட் வாசல் வரைக்கும் நான்தான் தூக்கிப்போனேன். பெரியவர் என் வலது கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று பார்த்தேன். தமிழில் சொல்லும் அந்தப் போன் அவர் பையில் இருந்தது.

பத்து நாளுக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. ஷெட்டில் ஈரக் கையோடு போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். அந்த அக்காவுக்குக் கண் இருக்கிறதா, படம் தெரிந்ததா, தெரிந்தால் அந்த வெளுத்த கன்னத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பார், எல்லாம் ஓடும். அம்மாவிடம் சொன்னால், "நீங்க மொதல்ல துன்னுங்க" என்பாள்.

ஒரு ஞாயிறு நாம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. நான் எழுந்து வெளியே போனேனே, அது அந்த அம்மாதான். அக்காவைச் சன்னலோரம் உட்கார வைத்துப் படத்தை மடியில் கொடுத்தார்களாம். இருக்கிற ஒரு கண்ணைப் பலகையில் ஒட்டுகிற மாதிரி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாராம். ஆற்றைக் கண்டுபிடித்தாராம். பிறகு கன்னத்தைக் காட்டித் தம்பியைக் கேட்டாராம்: "எனக்கு யாருடா பவுடர் போட்டுவிட்டது? உனக்குப் பெயிண்ட் வாங்கிக் கொடுத்தே நான் ஒரு நாளும் பவுடர் வாங்கினதில்லை."

பெரியவர், "இந்தியாவில் ஒரு கார் பெயிண்டர்" என்றாராம்.

"அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாராம் அக்கா.

இதை உள்ளே வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "ஆயிடுச்சின்னு சொன்னீங்களா இல்லியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். நான் சாப்பிடச் சொன்னேன்.

அக்கா நிஜமாகவே அப்படிச் சொன்னாரா, என் மனசு ஆறட்டும் என்று அந்த அம்மா சேர்த்துச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. கண் தெரிந்தது, மடியில் வைத்துப் பார்த்தார், அது வரைக்கும் நிச்சயம். கையைக் கழுவிக்கொண்டு வந்து பாயை விரித்துப் படுத்தேன். நீங்கள் டிவியைச் சத்தமாக வைத்தீர்கள். அது காதில் விழ விழவே தூங்கிப்போனேன்.